நாலு குச்சியும் ஒரு முள்ளும்

குச்சி ஐஸ் சாப்பிட்டுத் தூக்கிப்போடும் குச்சிகள் நாலு வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிரச்னையில்லை. இல்லாவிட்டால் நீங்களே நாலு ஐஸ் சாப்பிடுங்கள். டாக்டரோ மனைவியோ கேட்டால் விஞ்ஞானம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

குச்சிகளின் இரு முனையிலும் துளை போடவும். துளைக்குத் துளை இடைவெளி 3, 8, 7, 9 செ.மீ. என்று இருக்கட்டும். 9 செ.மீ. குச்சியை ஒரு அட்டையில் ஆடாமல் ஒட்டிவிடுங்கள். அதன் இடது முனையில் 3-ஐயும் வலது முனையில் 7-ஐயும் குண்டூசியால் குத்துங்கள். அவை இரண்டின் மறுமுனைகளையும் 8-ஆல் இணையுங்கள். இப்போது 3 செ.மீ. குச்சியை விரலால் சுற்றுங்கள். அது வட்டமாகச் சுற்றுகிறது. எதிரே இருக்கும் 7 செ.மீ. குச்சி சுற்றவில்லை. 'மாட்டேன், மாட்டேன்' என்று தலையாட்டுகிறது. போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது.

அவ்வளவுதான். மோட்டாரும் எஞ்சினும் தருவது சுற்று. நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஆட்டம், குத்து, தள்ளு, இழு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற இந்த நாலு குச்சி போதும். மூணு குச்சி போட்டால் முக்கோணம்; அசையவே அசையாது. கூரைக்கும் பாலத்துக்கும் அதுதான் லாயக்கு. அஞ்சு குச்சி போட்டால் ஒரு முனையைத் திருப்பினாலும் மற்றவை எந்தப் பக்கம் போகும் என்று அவற்றுக்கே தெரியாது, சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரிக்கு வரும் சில வெளியூர்க்காரர்கள் மாதிரி. நாலு குச்சியில்தான் ஒழுங்கான ஓர் அசைவு கிடைக்கிறது.

இதிலே ஒரு சட்டம் உண்டு. இருப்பதிலேயே குட்டையான குச்சியையும் நெட்டையான குச்சியையும் கூட்டுங்கள். அது மற்ற இரண்டின் கூட்டலைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இருந்தால் எதுவும் முழுச்சுற்று சுற்றாது. நம் கணக்கில் 3-ம் 9-ம் 12. மற்றவை 8-ம் 7-ம் 15. பாஸ். இப்போது 3-ஐ எடுத்துவிட்டு இன்னொரு 7 போட்டுப் பாருங்கள். 7-ம் 9-ம் 16. பாதிவழியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதைச் சொன்னவர் ஃபிரான்ஸ் கிராஷாஃப் என்ற ஜெர்மன் பேராசிரியர், 1883-ல். பெயரில் ஃபிரான்ஸ் இருப்பதைப் பார்த்து, நம்ம புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம்.

புதுச்சேரித் தெருக்களில் இந்த நாலு குச்சியைத் தேடிக்கொண்டு நடந்தால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும், அத்தனை இருக்கின்றன. தையற்காரர் மிதிக்கும் பலகை ஆடுகிற குச்சி. சக்கரத்தோடு இருக்கும் கிராங்க் சுற்றுகிற குச்சி. நடுவில் நிற்கும் கம்பி மூன்றாவது. மேஜை நாலாவது. பலகையை மட்டும் மிதித்துத் தொடங்கினால் சிலசமயம் சக்கரம் மறுக்கும், அல்லது தலைகீழாகச் சுற்றி நூலை அறுக்கும். ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் கம்பியும் கிராங்கும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. அங்கே கால் எவ்வளவு அழுத்தினாலும் எந்தப் பக்கம் திரும்புவது என்று சக்கரத்துக்குத் தெரியாது. அதனால்தான் தையற்காரர் முதலில் கையால் சக்கரத்தை ஒரு தட்டு தட்டுகிறார். பேராசிரியர் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

மழையில் பஸ் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் இதே சங்கதி. சைக்கிள் மிதிக்கிறவர் இன்னும் விசேஷம். தொடை ஒரு குச்சி, முழங்காலுக்குக் கீழே ஒரு குச்சி, பெடல் கிராங்க் ஒன்று, சைக்கிளின் உடம்பு நாலாவது. மனுஷனே மெஷினில் பாதி. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் இந்தக் குச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒரே கூரைக்கடியில் ஆடிக்கொண்டிருந்த இடங்கள் உண்டு. மில்கள். டூரிஸ்ட்டுகள் வெள்ளைக்காரத் தெருக்களில் மஞ்சள் சுவரோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம் வந்தால்தான் இந்த ஊர் எதைத் தின்று வளர்ந்தது என்று தெரியும். 'கினே' என்று ஒரு துணி. அவுரி நீலம் தோய்த்த பருத்தி. 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போனது. அங்கே பிரெஞ்சு வியாபாரிகள் பிசின் வாங்க இதைக் காசு போலவே கொடுத்தார்கள். முதலில் கைத்தறி, பிறகு மில். சவானா மில் 1820-களின் கடைசியில் தொடங்கியது. அதுதான் பின்னால் சுதேசி மில். ரோடியர் மில் 1898-ல். அது ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எஃப்.டி. கெப்ளே மில் பிற்காலத்தில் பாரதி மில் ஆயிற்று. சங்கு ஊதினால் பாதி ஊர் எழுந்திருக்கும், மீதி ஊர் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்.

மில் தறியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு பெரியவரைப் பிடித்தேன். எண்பதைத் தாண்டியவர். இந்த வட்டாரத்தில் ஒரு மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டியவர். எந்த மில் என்பது வேண்டாம். நான் பேசும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்தார். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது, பல்லில் கீரை ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று. பிறகுதான் புரிந்தது.

"சத்தமா பேசாதீங்க தம்பி. சத்தம் வேஸ்ட்டு. உதட்டை நல்லா அசைங்க, போதும்" என்றார்.

நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் சத்தம் 100 டெசிபலைத் தொடும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 90 டெசிபலுக்கே எட்டு மணி நேரம்தான் எல்லை. இவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டெசிபல் என்றால் யாரோ வெள்ளைக்காரர் பெயர் என்று நினைத்திருப்பார்கள்.

தறி என்ன செய்கிறது என்பது எளிது. நீளவாக்கில் பாவு நூல். விழுதுகள் அதில் பாதியை மேலே தூக்கும், பாதியைக் கீழே இறக்கும். நடுவே வாய் திறக்கும். அந்த வாய்க்குள் நாடா, அதாவது படகு மாதிரி ஒரு கட்டை, வயிற்றில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறக்கும். பிறகு அச்சு என்கிற நீளமான சீப்பு முன்னால் வந்து, புதிதாக விழுந்த நூலை ஓங்கி அடித்துத் துணியோடு சேர்க்கும். வாய் மூடும், மறுபடி வேறுவிதமாகத் திறக்கும். இப்படி நிமிஷத்துக்கு 200 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 0.3 விநாடி. நீங்கள் இரண்டு தடவை கண் சிமிட்டி முடிப்பதற்குள் ஒரு நூல் கோத்தாகிவிட்டது.

அந்தச் சீப்பை ஆட்டுவது நம்ம நாலு குச்சிதான். மேலே சுற்றும் கிராங்க், அதிலிருந்து வரும் கை, சீப்பைத் தாங்கும் உயரமான கால், தறியின் சட்டம். அந்தக் காலுக்கு இங்கிலீஷில் 'வாள்' என்றே பெயர். தரையை ஒட்டிய ஒரு தண்டில் அது ஆடும். இதில் ஒரு நைச்சியம் இருக்கிறது. கிராங்கிலிருந்து வரும் கை ரொம்ப நீளமாக இருந்தால் சீப்பு போவதும் வருவதும் ஒரே சீராக இருக்கும். கையைக் கொஞ்சம் குட்டையாக்கினால் சீப்பு முன்னால் வரும்போது வெடுக்கென்று அடிக்கும். பின்னால் போனதும் சற்றே சோம்பேறித்தனமாக நிற்கும். அந்தச் சோம்பேறித்தனம்தான் நாடாவுக்குக் கிடைக்கும் அவகாசம். 0.3 விநாடியில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.1 விநாடி, அதற்குள் நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை சேர வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகம். ஈ.சி.ஆரில் போகலாம்.

ஒரு கையின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தே நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரத்தில் ஓடும் மூளை எதுவும் இல்லை. இரும்பின் நீளத்தில் எழுதிய புரோகிராம்.

நாடாவை அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அடிக்கும் கோல் கீழே ஒரு முளையில் மாட்டியிருக்கிறது. முளையில் மாட்டிய எதுவும் வட்டத்தில்தான் போகும். நாடாவோ நேர்க்கோட்டில் போக வேண்டும். வட்டத்தில் தள்ளினால் அது மேலே எகிறி நெய்கிறவரின் மூக்கைப் பதம் பார்க்கும். வட்டத்திலிருந்து நேர்க்கோட்டை வாங்குவது எப்படி? இது பெரிய பெரிய தலைகளைச் சொறிய வைத்த கேள்வி. ஜேம்ஸ் வாட் 1784-ல் தன் நீராவி எஞ்சினுக்காகச் சில குச்சிகளைக் கோத்து ஏறக்குறைய நேர்க்கோடு வரைந்துவிட்டார். ஏறக்குறையதான். இருந்தாலும் வயதான காலத்தில், எஞ்சினைவிட அந்தக் குச்சிகளைப் பற்றித்தான் எனக்குப் பெருமை என்று எழுதினார். அப்பழுக்கில்லாத நேர்க்கோட்டுக்கு 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் எஞ்சினீயராக இருந்த போசெலியே ஏழு குச்சிகளில் அதைச் சாதித்தார். லண்டனில் அதன் மாதிரியைக் கையில் வாங்கிய கெல்வின் பிரபு, பிள்ளையைக் கொஞ்சுவதுபோல் கொஞ்சிக்கொண்டு திருப்பித் தர மறுத்தாராம்.

மில் தறிக்கு அத்தனை குச்சியெல்லாம் கட்டுப்படியாகாது. அவர்கள் கோலின் அடியில் வளைந்த ஒரு பாதக்குறடு மாட்டி, அதைத் தட்டையான இரும்பின் மேல் உருளவிட்டார்கள். ஆடுநாற்காலி மாதிரி. அடி உருள, நுனி நேராகப் போயிற்று. பழைய ரகத் தறிகளில் அதுவும் இல்லை. தோல் வாரைக் கட்டி இழுத்தார்கள்.

"அந்தத் தோலு நனைஞ்சா ஒரு மாதிரி, காஞ்சா ஒரு மாதிரி. கார்த்திகை மாசத்துல தறி மக்கர் பண்ணும். மேஸ்திரி வந்து தறியைத் திட்ட மாட்டாரு, எங்களைத்தான் திட்டுவாரு" என்றார் பெரியவர்.

இனிதான் நான் சொல்லவந்த விஷயம். பறந்துகொண்டிருக்கும் ஊடை நூல் நடுவழியில் அறுந்துவிட்டால்? தறிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வாயைத் திறந்து மூடி, காற்றை நெய்துகொண்டிருக்கும். ஒருவர் ஒரு தறியைப் பார்த்துக்கொண்டு நின்றால் கையால் நிறுத்திவிடுவார். நாலு தறி பார்க்கிறவர் திரும்புவதற்குள் துணி பாழ்.

19-ம் நூற்றாண்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நெய்யும் துணியின் ஓரத்தில் ஒரு சின்ன முள். மூணு பல் வைத்த முள்கரண்டி மாதிரி இருக்கும். நடுவில் ஒரு ஊசியில் தொங்கும். வால் பக்கம் ஒரு கொக்கி. சீப்பு முன்னால் வரும்போது, அதன் ஓரத்தில் இருக்கும் ஒரு சல்லடை அந்த முள்ளுக்கு நேரே வருகிறது. ஊடை நூல் விழுந்திருந்தால் அது சல்லடைக்குக் குறுக்கே கிடக்கும். முள்ளின் பற்கள் சல்லடைக்குள் நுழைய முடியாமல் அந்த நூல் தள்ளும். முள் சாயும், வால் தூக்கும். நூல் இல்லையென்றால் பற்கள் சல்லடைக்குள் தாராளமாக நுழைந்துவிடும். முள் சாயாது, வால் கீழேயே இருக்கும்.

வாலுக்கடியில் ஒரு சுத்தி. அது ஒரு காமின் தயவில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேயிருக்கிறது. வால் தூக்கியிருந்தால் சுத்தி சும்மா போய்வரும். தூக்காவிட்டால் கொக்கியைப் பிடித்து இழுக்கும். இழுத்த இழுப்பில் ஒரு நெம்புகோல் நகரும், தறியை ஓட்டும் கைப்பிடி தன் பள்ளத்திலிருந்து தெறிக்கும், வார் வெற்றுச் சக்கரத்துக்குத் தாவும், பிரேக் பிடிக்கும், தறி நிற்கும்.

ஒரு பருத்தி நூலின் எடை என்ன? ஊதினால் பறக்கும். அது தள்ளுகிற தள்ளில் டன் கணக்கான இரும்பு ஓடுகிறது, தள்ளாவிட்டால் நிற்கிறது. 'நூல் இருக்கிறதா?' என்று தறி ஒண்ணு விட்டு ஒரு தடவை கேட்கிறது. எட்டு மணி நேரத்தில் 96,000 நூல் போடும் தறி 48,000 தடவை கேட்கிறது. அலுக்காமல், டீ குடிக்கப் போகாமல்.

தானியங்கி என்றதும் எல்லாரும் ஜக்கார்டைத்தான் சொல்வார்கள். 1804-ல் லியோன் நகரத்தில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துப் பட்டில் பூ வரைந்த தறி. கம்ப்யூட்டருக்கே தாத்தா என்று பெயர். காஞ்சிபுரத்தில் இன்றும் அந்தப் பெட்டி தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு முன்னால் வோகான்ஸன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், தின்று செரித்து வெளியேற்றுவதாக ஊரை நம்பவைத்த இயந்திர வாத்து செய்தவர், 1745-லேயே ஒரு தானியங்கித் தறி செய்தார். வாத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது, தறியை ஒருவரும் சீண்டவில்லை. எல்லாம் சரி. எனக்கென்னவோ ஜக்கார்டைவிட இந்த மூணு பல் முள்ளைத்தான் பிடிக்கிறது. பூப் போடச் சொன்னால் போடுவது கீழ்ப்படிதல். சரியில்லை என்றால் நிற்பது வேறு ஜாதி.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜப்பானில் ஒரு தச்சர் மகன், சகிச்சி டொயோடா. 1924-ல் அவர் முழுமையாக்கிய தறி நூல் அறுந்தால் நிற்கும், ஊடை தீர்ந்தால் ஓடிக்கொண்டே நாடாவையே மாற்றும். இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1929-ல் அதன் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள். தறி உலகத்தின் சம்பந்தி வீட்டுக்கே பெண் கொடுத்த மாதிரி. மகன் கிச்சிரோ கார் செய்யப் போனார். நமக்குத் தெரிந்த டொயோட்டா. அந்தக் கார் தொழிற்சாலையில் அப்பாவின் தறிக் கொள்கையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: தப்பு நடந்தால் நிறுத்து. வேலை செய்கிறவர் தலைக்கு மேலே ஒரு கயிறு. சாதாரணத் தொழிலாளி இழுக்கலாம். இழுத்தால் உடனே மேற்பார்வையாளர் ஓடிவருவார். கோளாறு தீராவிட்டால் வரிசை நிற்கும். ஏன் இழுத்தாய் என்று யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

புதுச்சேரியில் அப்படி இல்லை.

1936. பிரான்ஸில் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் மாதத்தில் அங்கே வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை என்று சட்டமே வந்துவிட்டது. அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் கேட்டது நாளுக்கு எட்டு மணி நேரம், சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. இதற்கெல்லாம் முன்னே நின்றவர் வ. சுப்பையா, இருபத்தைந்து வயது இளைஞர். வேலைநிறுத்தம். ஜூலை 30-ம் தேதி சவானா மில் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள்.

நூல் அறுந்தால் தறி நிற்பதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆள் அறுந்தால் நிறுத்துவதற்கு எந்தச் சுத்தியும் கொக்கியும் கிடையாது. அவர்களாகவே கைப்பிடியைத் தட்டிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் சுப்பையா பாரிஸுக்கே போய் முறையிட்டார். 1937-ல் வந்த பிரெஞ்சு ஆணை எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் ஒத்துக்கொண்டது. அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934-ம் வருஷத்துச் சட்டப்படி ஆலைகளில் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி வரை வேலை வாங்கலாம். கடலூர்ப் பக்கம் பத்து, புதுச்சேரிப் பக்கம் எட்டு. இந்த ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் எல்லை தாண்டி வந்ததெல்லாம் சாராயத்துக்காக மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம். ரயில் நிலையம் இருக்கிற சாலைக்கு இன்று சுப்பையா பெயர். ஜூலை 30-ல் தொழிற்சங்கங்கள் வருஷாவருஷம் அஞ்சலி செலுத்துகின்றன.

"எங்க அப்பாரு வருஷத்துக்கு ஒருநாள் என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவாரு. திருவிழான்னு நெனைச்சுக்குவேன். பலூன் வாங்கித் தரச் சொல்லி அழுதிருக்கேன்" என்றார் பெரியவர்.

பத்துக்கும் எட்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரம். பேப்பரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 200 ஓட்டம் என்ற அதே தறியில் இரண்டு மணி நேரத்தில் 24,000 ஓட்டம். அங்குலத்துக்கு 60 ஊடை நூல் என்று வைத்துக்கொண்டால் 400 அங்குலத் துணி. பதினோரு கஜம். ஒரு புடவை, ஒரு வேட்டி, மிச்சத்தில் ஒரு துண்டு.

பெரியவர் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தப்பு தம்பி. எந்தத் தறியும் முழு நேரம் ஓடாது. நூறுக்கு எண்பது, எண்பத்தஞ்சு போட்டுக்குங்க. துண்டு வராது."

தறிகளும் சும்மா இருக்கவில்லை. 1890-களில் அமெரிக்காவில் நார்த்ராப் என்பவர் செய்த தறி, ஊடை தீர்ந்ததும் காலித் தாரை வெளியே தள்ளி, புதுத் தாரைக் கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே அடித்தது. தறி நிற்கவே வேண்டாம். முள் பார்த்துக்கொள்கிறது, தார் தானே மாறுகிறது, ஆளுக்கு என்ன வேலை என்று முதலாளிகள் கேட்க ஆரம்பித்தார்கள். நாலு தறி பார்த்தவரை 16 பார், 20 பார் என்றார்கள். நின்றால் ஓட்டிவிடுவதுதான் இனி மனுஷன் வேலை. அதாவது, எல்லாத் தறியும் ஒழுங்காக இருந்தால் அவர் நடந்துகொண்டே இருப்பார். 'மனுஷனே மெஷினில் பாதி' என்றேனே, இங்கே அந்தப் பாதியும் கால்பாதி ஆகிவிட்டது. இப்போது வரும் தறிகளில் நாடாவே கிடையாது. காற்றைப் பீய்ச்சி நூலை ஊதி அனுப்புகிறார்கள். முள்ளுக்குப் பதில் ஒளியால் பார்க்கும் கண். நிமிஷத்துக்கு ஆயிரம் ஓட்டம்கூடச் சர்வசாதாரணம்.

பறக்கும் நாடாவை 1733-ல் கண்டுபிடித்த ஜான் கே கடைசியில் என்ன ஆனார் தெரியுமோ? இங்கிலாந்தில் ஒருவரும் ராயல்ட்டி தரவில்லை. நெசவாளிகளுக்கோ வயிற்றெரிச்சல். வெறுத்துப்போய்ப் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே செத்தார். அவர் நாடா பிரெஞ்சுக் கொடியோடு இந்த ஊருக்கு வந்து, நூறு வருஷத்துக்கு மேல் பறந்தது.

ஏ.எஃப்.டி.யை 1980-களின் நடுவில் புதுச்சேரி அரசே எடுத்து நடத்தியது. 2011 டிசம்பரில் தானே புயல் கூரைகளைப் பிய்த்தது. நஷ்டம், லே-ஆஃப், பாக்கிச் சம்பளம் என்று வருஷங்கள் இழுத்து, 2020-ல் மூடிவிட்டார்கள். சுதேசியும் பாரதியும் அதே வருஷம். ஏ.எஃப்.டி. திடலில் பொதுக்கூட்டம் போட்டார்கள், கண்காட்சி வைத்தார்கள். 2024-ல் பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்தபோது தற்காலிக பஸ் ஸ்டாண்டே அங்கேதான். 'விழுப்புரம், விழுப்புரம்' என்று கண்டக்டர்கள் கத்திய சத்தம், பழைய சத்தத்தோடு ஒப்பிட்டால் தாலாட்டு.

அந்தச் சத்தத்தில் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன். உதடு பார்ப்பது பக்கத்துத் தறிக்காரரோடு. தூரத்துக்கு கை பாஷை என்றார். ஒவ்வொன்றாகக் காட்டினார். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் நூல் அறுந்தது. கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. உள்ளங்கையில் மணிக்கட்டைத் தட்டினால் ஷிப்ட் முடிய எவ்வளவு நேரம். காது போன பிறகு வீட்டிலும் இதே பாஷைதானாம். அவர் சம்சாரம் சரளமாகப் பேசுகிறார்.

மேஸ்திரி வருகிறார் என்பதற்கு என்ன சைகை என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காட்டினார். இந்தப் பத்திரிகையில் படமாகப் போட முடியாது.